ரன்: ஒரு சின்னச் சொல்லோட அறுநூத்துச் சொச்சம் அர்த்தத்தையும் நம்ம "ஓடு"வ வச்சே புடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்கிட்ட சாயங்கால வகுப்புல இங்கிலீஷ் படிச்ச ஒரு பொண்ணு, வேலைக்குச் சேந்த மூணாவது நாள் ராத்திரி போன் பண்ணி அழுதுச்சு. அன்னிக்கு காலைல அதோட மேலதிகாரி ஒரு கொட்டேஷன கைல குடுத்து "ரன் திஸ் பை அக்கவுண்ட்ஸ் பிஃபோர் யூ சென்ட் இட்"னு சொல்லிட்டு மீட்டிங்குக்குள்ள போயிட்டாரு. ரன்னா ஓடு, பைன்னா பக்கத்துல, அப்ப அக்கவுண்ட்ஸ் பக்கம் சட்டுனு போயி குடுத்துட்டு வரணும்னு நெனச்சு, ஒரு காப்பிய அங்க மேஜைல வச்சுட்டு வந்து மெயில அனுப்பிருச்சு. அவர் சொன்னது "அனுப்புறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோ"ன்னு. தொகைல ஜிஎஸ்டி விட்டுப்போயிருந்தத அங்க யாரும் பாக்கவே இல்ல, கஸ்டமருக்கு தப்பான ரேட்டு போயிருச்சு, எல்லார் முன்னாடியும் திட்டு. "எனக்கு இங்கிலீஷே வராது சார்"னு சொல்லிச்சு. ஆனா அந்தப் புள்ளைக்கு ஆயிரக்கணக்குல சொல்லு தெரியும், பெரிய பெரிய சொல்லுக்கெல்லாம் ஸ்பெல்லிங்கோட அர்த்தம் சொல்லும். வுட்டது மூணெழுத்துச் சொல்லுல. ரெண்டாங்கிளாஸ்ல "ரன்னா ஓடு"ன்னு சொல்லிக்குடுத்துட்டு அதோட அந்தச் சொல்ல மூடி வச்சுட்டோம், அது நம்ம தப்பு, சொல்லிக்குடுக்குற எங்க தப்பு. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல இந்தச் சொல்லு எவ்ளோ பெருசுன்னு பாத்துருவோம். ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதி 1989ல 20 தொகுதியா வந்தப்ப அதுல ரொம்ப நீளமான சொல்லு "செட்", 430 அர்த்தம். அதுக்கப்புறம் அகராதிய திருத்திக்கிட்டே வந்தப்ப 2000ல "மேக்" முந்துச்சு, 2007ல "புட்" முந்துச்சு, 2011ல "ரன்" எல்லாத்தையும் தாண்டிருச்சு. வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்ங்கிற அகராதிக்காரர் இந்த ஒரு சொல்லுக்கே ஒம்போது மாசம் ஒக்காந்து வேலை பாத்தாரு. நீராவி எஞ்சின், ரயிலு, மில்லு, அப்புறம் கம்ப்யூட்டர்னு புதுசா எது வந்தாலும் அதெல்லாம் "ஓட" வேண்டியிருந்துச்சு, அதனால சொல்லும் பெருத்துக்கிட்டே போச்சு.

645ன்னு கேட்டதும் பயந்துராதீங்க. மனப்பாடம் எதுவும் வேண்டாம். தமிழ் பேசுறவங்களுக்கு இந்தச் சொல்லுல பாதி ஏற்கெனவே தெரியும், ஏன்னா நம்ம "ஓடு"வும் கிட்டத்தட்ட இதே வேலைய செய்யுது. எங்க ரெண்டும் சேந்து போகுது, எங்க பிரியுதுன்னு மட்டும் பாத்தா போதும்.

படி 1: உருவத்த சரி பண்ணுங்க

ரன், ரேன், ரன். நிகழ்காலம் ரன், இறந்தகாலம் ரேன், மூணாவது ரூபம் மறுபடியும் ரன். "ஐ ஹேவ் ரேன்"னு நெறைய பேரு சொல்றாங்க, "ஐ ஹேவ் ரன்"தான் சரி. "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்"னு ஒரு பத்து தடவை வாய்விட்டுச் சொல்லுங்க, நாக்கு பழகிரும். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

படி 2: தமிழ்ல "ஓடுது"ன்னு சொல்ற எடத்தையெல்லாம் எழுதுங்க

ஒரு நோட்ட எடுத்து, ஒரு நாள் பூரா நீங்களும் வீட்டுல உள்ளவங்களும் "ஓடு"ன்னு சொல்ற எடத்தையெல்லாம் குறிச்சுக்கோங்க. என் வகுப்புல நான் குடுக்குற மொத வீட்டுப்பாடமே இதுதான். வர்ற பட்டியல் பாத்தீங்கன்னா: பஸ் ஓடுது, மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது, ஆத்துல தண்ணி ஓடுது, ஒடம்புல ரத்தம் ஓடுது, தியேட்டர்ல படம் ஓடுது, கடை நல்லா ஓடுது, மனசுல என்னமோ ஓடுது, வீட்ட விட்டு ஓடிட்டான், காலம் ஓடுது, மூளை ஓடல, கையும் ஓடல காலும் ஓடல.

இதுல பெரும்பாலானதுக்கு இங்கிலீஷ்லயும் ரன் அப்படியே ஒக்காரும். த பஸ் ரன்ஸ் எவ்ரி ஹாஃப் அன் அவர். த மோட்டார் இஸ் ரன்னிங். மனசுல என்ன ஓடுதுன்னு கேக்கணும்னா "வாட்ஸ் ரன்னிங் த்ரூ யுவர் மைண்ட்". வீட்ட விட்டு ஓடிட்டான்னா "ஹி ரேன் அவே". படம் நூறு நாள் ஓடுச்சுன்னா "த ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்". 1944ல வந்த ஹரிதாஸ் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி தாண்டி ஓடுச்சுன்னு தாத்தா பாட்டிங்க சொல்றாங்கல்ல, அந்த "ஓட்டம்" இங்கிலீஷ்ல "எ லாங் ரன்". பாத்தீங்களா, ஒரு செலவும் இல்லாம இவ்ளோ அர்த்தம் கைக்கு வந்துருச்சு.

ஆனா சிலது வராது, அத சிவப்பு மையில குறிச்சு வைங்க. டிவி ஓடுதுன்னு நாம சொல்லுவோம், அவங்க "த டிவி இஸ் ஆன்"ம்பாங்க. வண்டி 40,000 கிலோமீட்டர் ஓடிருக்குன்னா "இட் ஹேஸ் டன்", ரன் இல்ல. கையும் ஓடல காலும் ஓடலங்கிறத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா ஒருத்தருக்கும் புரியாது.

இந்த ரெண்டு சொல்லும் ஏன் இப்படி ஒத்துப்போகுதுன்னா, ரெண்டுக்கும் அடில இருக்குற எண்ணம் ஒண்ணுதான்: நிக்காம, தடையில்லாம, ஒரே போக்குல போயிட்டே இருக்குறது. காலால ஓடுறது அதுல ஒரு வகை, அவ்ளோதான். நம்மகிட்ட ஓடுவும் இருக்கு ஓடையும் இருக்கு. ஜெர்மன்காரங்ககிட்ட "ரென்னன்"னா ஆள் ஓடுறது, "ரின்னன்"னா தண்ணி வழிஞ்சு ஓடுறது, ரெண்டும் ரன்னோட சொந்தக்காரங்க. நாம தெனம் சொல்ற "கரண்ட்"டே லத்தீன்ல "ஓடுறது"ங்கிற வேர்ல இருந்து வந்ததுதான், நம்மாளுங்க அத மின்னோட்டம்னு சொன்னது எவ்ளோ பொருத்தம் பாருங்க. கம்ப்யூட்டர் திரைல துடிக்கிற கர்சரும் அதே வேர், ஓடுறவன்னு அர்த்தம்.

படி 3: ஓடுதா, ஓட்டுறாங்களான்னு பாருங்க

எனக்குத் தெரிஞ்சு இந்தச் சொல்லுக்கு இதுதான் சாவி, இங்க கொஞ்சம் நின்னு நிதானமா படிங்க.

தமிழ்ல ஓடு வேற ஓட்டு வேற. பஸ் ஓடுது, டிரைவர் பஸ்ஸ ஓட்டுறாரு. தானா நடக்குறதுக்கு ஒரு ரூபம், ஒருத்தர் செய்ய வைக்கிறதுக்கு இன்னொரு ரூபம். இங்கிலீஷ்ல ரன்னுக்கு அந்த வித்தியாசம் உருவத்துல கிடையாது, ரெண்டுக்கும் ரன்தான். அப்ப எப்படிக் கண்டுபுடிக்கிறது? ரன்னுக்கு அடுத்தாப்ல நேரா ஒரு பொருள் பேரு வந்து நிக்குதான்னு பாருங்க. "த மெஷின் ரன்ஸ்" அப்படின்னா மெஷின் ஓடுது. "ஷி ரன்ஸ் த மெஷின்" அப்படின்னா அவங்க மெஷின ஓட்டுறாங்க. அவ்ளோதான்.

இலங்கைல யாழ்ப்பாணத்துப் பக்கம் பேசுறவங்களுக்கு இது இன்னும் லேசு, அவங்க "கார் ஓடத் தெரியுமா"ன்னுதான் கேப்பாங்க, "சைக்கிள் ஓடிக்கொண்டு வந்தவர்"னுதான் சொல்லுவாங்க, ஓடு ஒண்ணே ரெண்டு வேலையும் செய்யுது. ஆனா ஒண்ணு, ஆள் ஏறி ஒக்காந்து கார ஓட்டுறதுக்கு இங்கிலீஷ்ல "டிரைவ்", பைக்குக்கும் சைக்கிளுக்கும் "ரைட்". "ஐ ரன் எ கார்"னு ஒருத்தர் சொன்னா அவர்கிட்ட சொந்தமா கார் இருக்கு, பெட்ரோல் இன்சூரன்ஸ் எல்லாம் போட்டுப் பராமரிக்கிறார்னு அர்த்தம்.

இப்ப இந்த ஓட்டுங்கிற பக்கத்துல இருந்துதான் மிச்ச பெரிய அர்த்தமெல்லாம் கிளம்புது. "மை அங்கிள் ரன்ஸ் எ ஹோட்டல்", மாமா ஹோட்டல் நடத்துறாரு. இங்க கவனிங்க, நாம கடைய நடத்துறோம், அவங்க கடைய ஓட்டுறாங்க. நட, நடத்து. பள்ளிக்கூடம் நடத்துறது, சீட்டு நடத்துறது, கட்சி நடத்துறது, குடும்பம் நடத்துறது, இதுல குடும்பத்தத் தவிர மத்த எல்லாத்துக்கும் ரன் போடலாம். குடும்பத்துக்கு "ரன் எ ஹவுஸ்ஹோல்ட்"னு சொல்லணும், "ரன் எ ஃபேமிலி"ன்னு அவ்வளவா சொல்ல மாட்டாங்க.

அப்புறம் "ரன் எ டெஸ்ட்", ஒரு சோதனைய செஞ்சு பாக்குறது, டாக்டரும் சொல்லுவாரு மெக்கானிக்கும் சொல்லுவாரு. "ரன் எ ப்ரோக்ராம்", இது நமக்கு ரன் பண்ணுங்கிறதாவே வந்துருச்சு. "ரன் அன் ஆட்", பேப்பர்ல விளம்பரம் போடுறது. "ரன் எ பாத்", தொட்டில தண்ணி ரொப்புறது. "ரன் எரண்ட்ஸ்", கடைக்குப் போறது பில்லு கட்டுறதுன்னு வெளிவேலை பாக்குறது. "ரன் எ ரெட் லைட்", சிவப்பு விளக்குல நிக்காமப் போறது. "ரன் எ ரிஸ்க்"ன்னா வம்ப வெலைக்கு வாங்குறதுன்னு நெனைக்காதீங்க, "இப்படிச் செஞ்சா இது நடக்க வாய்ப்பு இருக்கு"ங்கிற அளவுதான்.

இதுல ஒண்ணு மட்டும் இந்தக் கணக்குல சேராது, "ரன் எ ஃபீவர்". பொருள் பேரு நேரா நிக்குது, ஆனா யாரும் காய்ச்சல ஓட்டுறதில்ல, காய்ச்சல் அடிக்குது. "ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்"னு அந்த "எ"வ விடாம சொல்லுங்க, நம்ம ஊர்ல "ஹேவிங் ஃபீவர்"னு சொல்றதவிட இது வெளில சுலபமா எடுபடும்.

படி 4: தண்ணியா இருக்குறத தனியா பாருங்க

ஒழுகுறது, வழியறது, பரவுறது, கரையறது, இது எல்லாத்துக்கும் தமிழ்ல தனித்தனியா சொல்லு வச்சிருக்கோம், இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ரன்னு வந்து நிக்கும். மூக்கு ஒழுகுதுன்னா "மை நோஸ் இஸ் ரன்னிங்". அத பேர்ச்சொல்லா சொல்லும்போது நம்ம ஊர்ல ரன்னிங் நோஸ்ம்போம், இங்கிலாந்து அமெரிக்காவுல "ரன்னி நோஸ்"தான். கண்ணீர் கன்னத்துல வழிஞ்சா "டியர்ஸ் ரேன் டவுன் ஹர் சீக்ஸ்". கொழாய மூடாம வந்துட்டா "யூ லெஃப்ட் த டேப் ரன்னிங்". வயித்தால போறதுக்குப் பேச்சு வழக்குல "த ரன்ஸ்"ம்பாங்க, டாக்டர்கிட்ட லூஸ் மோஷன்னு சொன்னா நம்ம ஊர்லதான் புரியும்.

துணிச் சாயம் போறதும் இந்த வகைதான். எங்க அம்மாகிட்ட ஒரு சிவப்பு சுங்குடிச் சேலை இருந்துச்சு, மதுரைல வாங்குனது. புதுசுல மூணு தடவை அத தனியா ஒரு வாளில கல்லுப்பு போட்டு ஊறவைப்பாங்க. மொத தடவை வாளித்தண்ணி பீட்ரூட் வேகவச்ச தண்ணி மாதிரி இருக்கும், மூணாவது தடவை லேசான ரோஸுக்கு வந்துரும், அப்பதான் மத்த துணியோட சேத்துப் போட விடுவாங்க. அந்தத் தண்ணிக்குள்ள சிவப்பு புகை மாதிரி கிளம்பி மெதுவா பரவும் பாருங்க, அதுதான் "த கலர் ரன்ஸ்". சாயம் ஓடுதுன்னு நாம சொல்ல மாட்டோம், சாயம் போகுதும்போம். அது துணிய விட்டுப் போறத நாம பாக்குறோம், அது தண்ணில ஓடுறத அவங்க பாக்குறாங்க. சட்டை லேபிள்ல "வாஷ் செபரேட்லி, கலர்ஸ் மே ரன்"னு போட்டிருந்தா இனிமே எதுக்குன்னு தெரியும்.

படி 5: நீளமா கெடக்குறது, நீளமா இருக்குறது

அசையவே அசையாத பொருளும் இங்கிலீஷ்ல ஓடும். ஸ்ரீநகர்லருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ரோடு போகுதுன்னா "த ரோட் ரன்ஸ் ஃப்ரம் ஸ்ரீநகர் டு கன்னியாகுமரி". நாமளும் ரோட்ட போக விடுறோம், ஓட விடுறதில்ல. வீட்டு அக்ரிமெண்ட் 11 மாசம்னா "த அக்ரிமெண்ட் ரன்ஸ் ஃபார் லெவன் மன்த்ஸ்". மீட்டிங் ரெண்டு மணி நேரம் நடந்தா "இட் ரேன் ஃபார் டூ அவர்ஸ்". ஒரு குணமோ நோயோ பாட்டோ குடும்பத்துலயே வழிவழியா வந்தா "இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி", இதுக்கு நாம ரத்தத்துலயே ஊறுனதுன்னு சொல்றோம். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் "டஸ் டயபெட்டிஸ் ரன் இன் யுவர் ஃபேமிலி"ன்னு கண்டிப்பா கேப்பாரு, அப்ப முழிக்காம அப்பா அம்மாவுக்கு இருக்கா இல்லையான்னு சொல்லிருங்க.

நம்ம ஆசாரிங்ககிட்டயும் கட்டட வேலைக்காரங்ககிட்டயும் இந்த அர்த்தம் எப்பவோ வந்துருச்சு. மாடுலர் கிச்சன் போடுறவரு வந்து டேப்ப புடிச்சு அளந்துட்டு "ரன்னிங் ஃபீட்டுக்கு இவ்ளோ"ன்னு சொல்லுவாரு. அகலத்த ஒசரத்த விட்டுட்டு நீளத்த மட்டும் கணக்குப் பண்றதுதான் அது, சதுர அடி இல்ல. ரெண்டையும் கொழப்பிக்கிட்டு ரேட்டு பேசுனா பில்லு வரும்போது மனசு ஒடிஞ்சு போகும், அதனால மொதல்லயே எந்தக் கணக்குன்னு கேட்டுருங்க. டெய்லரு போடுற ரன்னிங் ஸ்டிட்ச்சும் இதே குடும்பம்தான், ஊசி துணில முங்கி முங்கி ஒரே கோட்டுல போற தையலு.

இதோட சேத்து ஒரு சின்ன கூட்டம்: ரன் ட்ரை, ரன் லோ, ரன் ஷார்ட், ரன் லேட். ரன்னுக்குப் பின்னாடி ஒரு நிலைமையச் சொல்ற சொல்லு வந்தா அது "ஆகிடுச்சு"ங்கிற மாதிரி. ஆறு வத்திருச்சு, "த ரிவர் ரேன் ட்ரை". லேட் ஆகுதுன்னு சொல்ல "ஐ ஆம் ரன்னிங் லேட்", இது ஓடி வர்றேன்னு அர்த்தமில்ல, நான் பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருந்தாலும் ரன்னிங் லேட்தான். ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி "ரன்னிங் லேட்"னு அறிவிக்கிறப்ப வண்டி எங்கயோ ஒரு அவுட்டர்ல நின்னுக்கிட்டிருக்கும், ஆனாலும் சொல்லு ரன்னிங்தான்.

படி 6: ஒட்டி வர்ற குட்டிச் சொல்லுங்க

அந்தப் பொண்ணு விழுந்தது இங்கதான், நெறைய பேரு விழுறதும் இங்கதான். ரன்னையும் அதுக்குப் பின்னாடி வர்ற குட்டிச் சொல்லையும் பிரிச்சுப் படிக்காதீங்க, ரெண்டும் சேந்து ஒரே சொல்லுன்னு நெனச்சுக்கோங்க. நாம எழுதி முடின்னா "எழுது" தனியா "முடி" தனியாவா எடுத்துக்கிறோம்? அது மாதிரிதான்.

ரன் பை: ஒரு விஷயத்த ஒருத்தர் காதுல போட்டு அவர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிறது. "ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்"னா மொதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. கேக்குறதுதான் இதுல முக்கியம், காகிதத்தக் கொண்டுபோய் வைக்கிறது இல்ல.

ரன் அவுட்: கிரிக்கெட்ட விடுங்க. தீந்துபோறது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. தீந்துபோன பொருள் மொதல்ல வந்தா "ஆஃப்" கெடையாது: "த மில்க் ஹேஸ் ரன் அவுட்". ஆள் மொதல்ல வந்தா "ஆஃப்" வேணும்: "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்". தமிழ்ல பால் தீந்துருச்சுன்னு பாலத்தான் மொதல்ல வைப்போம், அதனால அந்த "ஆஃப்" நமக்கு மறந்து மறந்து போகும். பாஸ்போர்ட் காலாவதி ஆனாலும் ரன் அவுட்தான், நேரம் போயிட்டே இருக்குன்னாலும் "டைம் இஸ் ரன்னிங் அவுட்".

ரன் இன்டு: இது நாலு பக்கம் போகும். எதேச்சையா ஒருத்தரப் பாத்தா "ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் த மார்க்கெட்", அதாவது டீச்சர் மேல முட்டல, எதிர்ல பாத்தேன். வண்டி முட்டுனாலும் அதே சொல்லுதான், "த கார் ரேன் இன்டு எ வால்". சிக்கல் வந்தா "வி ரேன் இன்டு எ ப்ராப்ளம்". செலவு லட்சக்கணக்குல போனா "த காஸ்ட் ரேன் இன்டு லேக்ஸ்". எதுல போயி இடிச்சோம்ங்கிறத வச்சு அர்த்தத்த எடுத்துக்கோங்க: ஆளா, சொவரா, கஷ்டமா, கணக்கா.

ரன் ஓவர்: வண்டிய ஏத்திட்டாங்கன்னா ரன் ஓவர். மீட்டிங் நேரத்தத் தாண்டிப் போனாலும் ரன் ஓவர். ரன் த்ரூ: ஒரு தடவை மொத்தமா பாத்துட்டு வர்றது, பேச்சுப்போட்டிக்கு முன்னாடி "லெட்ஸ் ரன் த்ரூ இட் ஒன்ஸ்". ரன் அப்: கடனோ பில்லோ ஏத்திக்கிட்டே போறது. ரன் டவுன்: பேட்டரி தீந்தாலும் அதான், ஒருத்தரப் பத்திக் கொறச்சுப் பேசுனாலும் அதான், பழசாகி இடிஞ்சு கெடக்குற கட்டடத்தையும் ரன் டவுன்னுதான் சொல்லுவாங்க. ரன் ஆஃப்: நாலு காப்பி எடுத்துக் குடுன்னா "ரன் ஆஃப் ஃபோர் காப்பீஸ்". மிச்சத்த வர்றப்ப பாத்துக்கலாம், இந்த எட்டு போதும் ஆபீஸ்ல ஒரு வருஷம் ஓட்டுறதுக்கு.

படி 7: பேர்ச்சொல்லா வர்ற ரன்

கிரிக்கெட் ரன் நமக்குப் பழக்கம். ரெண்டு பேரு 22 கெஜத்துக்குள்ள இங்கயும் அங்கயும் ஓடுறதால வந்த பேரு, பந்து எல்லைக்கோட்டுக்குப் போயி யாரும் ஓடலன்னாலும் நாலு ரன்னுதான். இலங்கை வானொலிலயும் பத்திரிகைலயும் அழகா "ஓட்டங்கள்"னே சொல்லுவாங்க. ஒரே ஒரு ரன்னோட கனம் என்னன்னு தெரியணும்னா 1986 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல இருந்தவங்ககிட்ட கேளுங்க, ஆஸ்திரேலியா வச்ச இலக்கு 348, இந்தியா 347ல ஆல் அவுட், டெஸ்ட் டை ஆயிருச்சு.

பேங்க் ரன்னு சொன்னா, பேங்க் மூழ்கப்போகுதுன்னு பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல போட்ட பணத்த எடுக்க ஓடுறது. 2007 செப்டம்பர்ல இங்கிலாந்துல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல ஜனங்க தெருவரைக்கும் வரிசைல நின்னாங்க. 2023 மார்ச் 9ம் தேதி அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 4,200 கோடி டாலர எடுக்கச் சொல்லி உத்தரவு குவிஞ்சுது, பெரும்பாலும் போன்லயும் கம்ப்யூட்டர்லயும், வாசல்ல அவ்ளோ கூட்டமே இல்ல, ஆனாலும் பேரு ரன்தான்.

தேர்தல் விஷயத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல எலெக்‌ஷனுக்கு "ரன்" பண்ணுவாங்க, இங்கிலாந்துல "ஸ்டாண்ட்" பண்ணுவாங்க. அங்க ஓடுறாங்க, இங்க நிக்கிறாங்க. நாமளும் "எலெக்‌ஷன்ல நிக்கிறாரு"ன்னுதான் சொல்றோம், அதனால அமெரிக்கச் செய்தில "ஷி இஸ் ரன்னிங் ஃபார் ப்ரெசிடெண்ட்"னு வந்தா ஜனாதிபதிக்காக ஓடுறாங்கன்னு எடுத்துக்காம, ஜனாதிபதி பதவிக்கு நிக்கிறாங்கன்னு எடுத்துக்கோங்க.

மத்தது சட்டு சட்டுனு: "ஆன் த ரன்" தலைமறைவா இருக்குறது. "இன் த லாங் ரன்" நாள்போக்குல. "ட்ரை ரன்" ஒத்திகை. "ப்ரிண்ட் ரன்" ஒரு தடவைல எத்தனை பிரதி அச்சடிச்சாங்கங்கிறது. "ரன் ஆஃப் த மில்" சாதாரணமானது, மில்லுல இருந்து தரம் பிரிக்காம அப்படியே வெளிவர்ற சரக்குக்குச் சொன்னது, திருப்பூர் கோயம்புத்தூர் பக்கம் உள்ளவங்களுக்கு இது ஒடனே புரிஞ்சுரும். காலுறைல நூலு பிரிஞ்சு கோடா கிழிஞ்சு போனா அமெரிக்காவுல அதுவும் ரன்.

படி 8: நம்ம ஊரு ரன்னிங்க வெளியூர்ல சொல்லாதீங்க

நாம உண்டாக்கிக்கிட்ட ரன்னிங் கொஞ்சம் இருக்கு, அது நமக்குள்ள சரி, வெளில புரியாது. "24 முடிஞ்சு 25 ரன்னிங்"னு வயச சொல்றோம்ல, இன்டர்வியூல வெளிநாட்டுக்காரங்க இருந்தா "ஐ ஆம் 24"னு சொல்லி நிறுத்திருங்க. "ரன்னிங் பஸ்ல ஏறாத"ங்கிறதுக்கு அவங்க "மூவிங் பஸ்"ம்பாங்க. இதெல்லாம் தப்புன்னு யாராவது சிரிச்சா கூனிக்குறுக வேண்டாம், அவங்க ஊருக்கு ஒரு வழக்கு நம்ம ஊருக்கு ஒரு வழக்கு, எங்க எது எடுபடும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

படி 9: இப்ப செஞ்சு பாருங்க

புதுசா ஒரு ரன்ன பாத்தா மூணு கேள்வி கேளுங்க, இதே வரிசைல. ஓடுறது யாரு அல்லது எது, ஆளா, மெஷினா, தண்ணியா, அசையாத பொருளா? ரன்னுக்கு அடுத்து நேரா ஒரு பொருள் பேரு இருக்கா, அதாவது ஓட்டுறாங்களா? பின்னாடி குட்டிச் சொல்லு ஒட்டிக்கிட்டு இருக்கா? குட்டிச் சொல்லு இருந்தா மத்த ரெண்டு பதிலையும் ஓரமா வச்சுட்டு மொதல்ல அத கவனிங்க. அகராதிய இந்த மூணு கேள்வியும் கைவிட்ட அப்புறம் தொறங்க, அப்பதான் 645ல எந்தப் பக்கம் தேடணும்னு தெரியும்.

இந்த அஞ்ச கீழ பாக்காம முயற்சி பண்ணுங்க. ஒண்ணு, "த ரிப்போர்ட் ரன்ஸ் டு 40 பேஜஸ்". ரெண்டு, "ஹி ரன்ஸ் த கேன்டீன்". மூணு, "வி ஆர் ரன்னிங் லோ ஆன் கேஸ்". நாலு, "த இங்க் ரேன் வென் த லெட்டர் காட் வெட்". அஞ்சு, "ஐ ரேன் இன்டு டிராஃபிக்".

மொதலாவது, அறிக்கை 40 பக்கத்துக்கு நீளுது, அசையாத பொருள், அஞ்சாவது படி. ரெண்டாவது, அவர் கேன்டீன் நடத்துறாரு, நேரா பொருள் பேரு, மூணாவது படி. மூணாவது, கேஸ் தீரப்போகுது, சிலிண்டர் புக் பண்ணணும். நாலாவது, கடுதாசி நனஞ்சு மை கரைஞ்சு பரவிருச்சு, அம்மாவோட வாளித்தண்ணி ஞாபகம் வந்தா சரி. அஞ்சாவது, போற வழில டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், எது மேலயும் முட்டல.